கதவு மூடியிருந்த அரை மணி நேரம்

பக்கத்து இருக்கைக்காரர் தன் போனை என் முன்னால் நீட்டினார். திரையில் ஓர் எக்செல் தாளின் படம். அதில் ஓர் எண் தவறாக இருந்தது, அதைக் காட்டத்தான் நீட்டினார். நான் அந்த எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது திரையின் மேல்விளிம்பில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து இறங்கியது. குழுவின் பெயர் எங்கள் டீமின் பெயர்தான், கடைசியில் மட்டும் ஒரு '2'. "கதவை மூடிக்கிட்டு அரை மணி நேரம் பேசினாங்களாம். அடுத்த நாளே ரெண்டு பேர் காலி." மூன்று விநாடி இருந்திருக்கும், மறைந்துவிட்டது. அவரும் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். "ஆமா, இந்த நம்பர் தப்புதான், மாத்திடறேன்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த எண்ணை மாற்ற எனக்கு இருபது நிமிடம் ஆனது. ஒரே ஒரு கட்டம், ஒரே ஓர் எண்.

நடந்தது இதுதான். எங்கள் குழுவிலிருந்து இரண்டு பேரை வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அவர்கள் கேட்காத, விரும்பாத மாற்றம். உத்தரவு வந்ததற்கு முந்தைய நாள் மாலை நான் மேலாளரின் அறையில் இருந்தேன். கதவு மூடியிருந்தது. அரை மணி நேரம் பேசினேன். இவ்வளவும் உண்மை. ஆனால் நான் பேசியது என் உடம்பைப் பற்றி. ஒரு பரிசோதனையின் முடிவு வந்திருந்தது. அடுத்த இரண்டு மாதம் அடிக்கடி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும், அதற்கு விடுப்பு கேட்டேன். அதை வெளியே சொல்லும் நிலையில் நான் இல்லை. வீட்டிலேயே ஒருவருக்குத்தான் சொல்லியிருந்தேன்.

நடந்தவற்றையெல்லாம் சரியாகக் கோத்து, நடுவில் ஒரே ஒரு பொய்யை வைத்து, "போட்டுக்கொடுத்தது அவங்கதான்" என்று கதை தயாராகிவிட்டது. முழுப் பொய்யென்றால் ஒரே வார்த்தையில் மறுத்துவிடலாம். முக்கால் உண்மையை எப்படி மறுப்பது? போனீர்களா என்றால் போனேன். கதவு மூடியிருந்ததா என்றால் மூடியிருந்தது. என்ன பேசினீர்கள் என்றால், அதைத்தான் சொல்ல முடியாது.

புறம் பேசுதல் என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சங்க அகப்பாடல்கள் இதை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தன. சிலர் தமக்குள் முணுமுணுத்துக்கொள்வது அம்பல். அதுவே பலரும் அறிய வெளிப்படையான பேச்சாகிவிட்டால் அலர். அலர்தல் என்றால் மலர்தல். அம்பல் அதன் அரும்பு. அங்கே அது காதலர்களைப் பற்றிய பேச்சு. ஆனாலும் இந்தப் பிரிவு அலுவலகத்துக்கு அவ்வளவு பொருந்துகிறது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அம்பலாக இருக்கும்போது பேசுகிற வாய்கள் நான்கோ ஐந்தோதான், யாருடையவை என்பதும் தெரியும். அவர்களில் ஒருவரிடம் நேராகப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அலராகிவிட்டால் அதற்குச் சொந்தக்காரர் கிடையாது. "எல்லாருக்கும் தெரியுமே" என்பார்கள். எல்லாரிடமும் போய் விளக்கம் சொல்ல யாரால் முடியும்? என் விஷயம் அரும்பாக இருந்த நாளிலேயே அந்த மூன்று விநாடி எனக்குக் கிடைத்தது. நான் எதுவும் செய்யவில்லை.

எதுவும் செய்யவில்லை என்பதும் சரியில்லை. ஒதுங்கினேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே.

மீட்டிங்குக்குச் சரியாகத் தொடங்கும் நேரத்தில் போய், முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து வந்தேன். முன்பெல்லாம் ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்விடுவேன். எந்த வேலை தள்ளிப்போகிறது, யாருக்குக் கை கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் காதில் விழும். சந்தேகம் வந்தால் எழுந்து போய்க் கேட்பதை விட்டு மெயில் அனுப்பினேன். ஒரு வரியில் முடியும் மெயிலை நாலு தடவை படித்துத் திருத்தினேன். இடைவேளையில் இருக்கையை விட்டு எழவில்லை. மேலாளர் அறைப் பக்கமே போகவில்லை, மருத்துவமனைக்குப் போகும் நாள்களைக்கூட எழுத்திலேயே தெரிவித்தேன். மாற்றப்பட்ட இருவரும் புதிய பிரிவுக்குப் போன அன்று எல்லாரும் சேர்ந்து வழியனுப்பினார்கள். நான் கழிவறையில் கைகழுவிக்கொண்டே நின்றேன், சத்தம் அடங்கும்வரை. அப்போது எனக்கு இவை ஒவ்வொன்றும் நியாயமாகவே பட்டன. இருக்கும் இடம் தெரியாமல் இருந்தால் பேச்சு தானாக அடங்கிவிடும் என்று நம்பினேன்.

அடங்கவில்லை. அரை மணி ஒரு மணியானது. பிறகு நான் ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்தேன் என்றானது. பட்டியலில் இன்னும் மூன்று பேர் பெயர் இருக்கிறது என்றானது. வாரம் ஒரு நாள் நான் காணாமல் போவதற்கும் காரணம் கண்டுபிடித்தார்கள்: தலைமை அலுவலகத்துக்குப் போய் வருகிறேனாம்.

கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1947இல் வதந்தியைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். ஒரு படத்தைப் பார்த்த ஒருவர் அதைப் பார்க்காத இன்னொருவருக்கு விவரிக்க, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, இப்படியே கைமாற்றிக்கொண்டு போகும் சோதனை அவர்களுடையது. ஐந்தாறு வாய் தாண்டுவதற்குள் விவரங்களில் 70 சதவீதம் அளவுக்கு உதிர்ந்துவிட்டன. மிஞ்சிய ஒன்றிரண்டு விவரங்கள் கூர்மையாகிக்கொண்டே போயின, கேட்பவர் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதற்குத் தோதாக வளைந்தும் கொடுத்தன. என் கதையில் மிஞ்சிய விவரம் மூடிய கதவு.

அவர்கள் சொன்ன இன்னொன்றுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. ஒரு வதந்தியின் வேகத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு: விஷயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியம், அது எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது. இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும், கூட்டக் கூடாது என்றார்கள். அதாவது இரண்டில் ஒன்று பூஜ்ஜியமானாலே வதந்திக்கு உயிரில்லை. எங்கள் அலுவலகத்தில் முக்கியத்துவத்தை யாராலும் குறைக்க முடியாது. அடுத்து யாரைத் தூக்கி எங்கே போடுவார்கள் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. தெளிவு கொடுக்க வேண்டிய முதல் பொறுப்பு நிர்வாகத்துக்கு. இரண்டு பேரை ஏன் மாற்றினோம் என்று இரண்டு வரி எழுதியிருந்தால் என் கதவுக்கு ஒரு வேலையும் இருந்திருக்காது. காரணம் சொல்லாமல் உத்தரவு போட்டால் ஊழியர்கள் காரணத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொள்வார்கள். அதற்கு அவர்களை மட்டும் குறை சொல்வது சரியில்லை. ஆனால் என் பங்கு ஒன்று இருந்தது. நான் எப்படிப்பட்டவள் என்று தினமும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணிலிருந்து நானே மறைந்துவிட்டேன். தெளிவின்மையை நானும் சேர்ந்து பெருக்கிக்கொடுத்தேன்.

நெதர்லாந்தில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒரு வலைபோல வரைந்து பார்த்தார்கள். நல்லவிதமான பேச்சு பலர்மீதும் பரவலாக விழுந்தது. கெட்ட பேச்சோ ஒரு சிலர்மீதே குவிந்தது. அந்தச் சிலர் யாரென்று பார்த்தால், அந்த வலையில் அதிகம் பிணைப்பில்லாமல் ஓரத்தில் இருந்தவர்கள். இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பேச்சுக்குப் பயந்து ஓரத்துக்குப் போகிறோம். ஓரத்தில் இருப்பவர்மீதுதான் பேச்சு குவிகிறது. மீட்டிங்குக்கு முந்தைய ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுத்த நாளில், எனக்காக "சேச்சே, அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல" என்று சொல்லக்கூடிய வாய்களையும் சேர்த்துத்தான் விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

இரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பகலைவிட அவைதான் நீளம். அந்தச் செய்தியின் ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம். 'பேசினாங்களாம்' என்பதில் உள்ள அந்த 'ஆம்' யார் வாயிலிருந்து கிளம்பியது என்று ஒவ்வொருவர் முகமாகப் பொருத்திப் பார்ப்பேன். நினைக்கக் கூடாது என்று நினைத்தால் இன்னும் மோசமாகும். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும்: ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியடியுங்கள் என்றார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கும் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு தோழி இருந்தாள், வேறு இடத்தில் வேலை பார்ப்பவள். தினமும் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுப் புலம்புவேன். அவள் பொறுமையாகக் கேட்பாள், எனக்காகக் கோபப்படுவாள், போனை வைக்கும்போது பாரம் இறங்கியது போலவும் இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நான் முன்பைவிட அதிகமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சேர்ந்து புலம்புவதைப் பற்றி அமண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002இல் எழுதியிருக்கிறார். அவர் ஆராய்ந்தது பள்ளிப் பிள்ளைகளை. ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசும் சிநேகிதிகளிடம் நெருக்கமும் கூடியிருந்தது, மனச்சோர்வும் பதற்றமும் கூடியிருந்தன. எங்கள் இருவர் கதையும் அதுதான். ஒருநாள் அவளே சொன்னாள்: "இன்னைக்குப் புதுசா ஏதாவது நடந்துச்சா, இல்ல போன வாரத்துதானா? புதுசுன்னா சொல்லு. பழசுன்னா வேற பேசுவோம்." முதலில் வலித்தது. ஆனால் அவளால் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அந்தக் கேள்விதான்.

அப்புறம் எழுதத் தொடங்கினேன். ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் இருவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், நெஞ்சைப் பிசையும் ஒரு நிகழ்ச்சியைப் பற்றி நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அப்போது பட்ட உணர்வையும் சேர்த்து எழுதிய மாணவர்கள், எழுதி முடித்த உடனே கலங்கித்தான் போனார்கள். ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்திருந்தது. நான் நான்கு நாள் எழுதினேன். முதல் இரண்டு நாளும் மற்றவர்களைத் திட்டித்தான் எழுதினேன். மூன்றாவது நாள், கழிவறையில் கைகழுவிக்கொண்டு நின்றது தாளில் வந்தது. அதை எழுதும்வரை அந்த நிமிடத்தை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

இங்கே பலர் சொல்லும் இரண்டு அறிவுரைகளைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, "கண்டுக்காதீங்க." யாரோ ஒருவர் என் சட்டை நிறத்தைப் பற்றிப் பேசினால் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். நம்மைப் பற்றி ஊரே பேசுகிறது என்று நமக்குத் தோன்றும் அளவுக்கு ஊர் நம்மைக் கவனிப்பதில்லை என்பதும் உண்மைதான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட டிஷர்ட்டை மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால் பங்கு. 2000இல் வெளியான ஆய்வு அது. ஆகவே பத்துப் பேர் சிரித்தால் பத்துப் பேரும் நம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் நம் நேர்மையையே கேள்வி கேட்கும் பேச்சைக் கண்டுகொள்ளாமல் இருப்பது வேறு. அது வேலையைத் தின்கிறது. தன்னைப் பற்றிக் கெட்ட பேச்சு நடப்பதாக உணரும் ஊழியர்களின் மனம் களைத்துப்போகிறது, தானாக முன்வந்து எதையும் செய்யும் ஊக்கம் குறைகிறது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. எனக்கு ஆய்வே வேண்டாம். அந்த இரண்டு மாதத்தில் நான் ஒரு யோசனைகூட வாய் திறந்து சொல்லவில்லை.

இரண்டாவது அறிவுரை, "அலுவலகத்தில் யாரைப் பற்றியும் பேசவே கூடாது." அப்படி ஓர் இடம் இருக்கவே முடியாது என்று நினைக்கிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்து ஆய்வாளர்கள் 467 பேரின் அன்றாடப் பேச்சைச் சிறு ஒலிப்பதிவுக் கருவியில் துண்டு துண்டாகப் பதிவுசெய்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றிய பேச்சு ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 52 நிமிடம் வந்தது. அதில் முக்கால்வாசி நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. "அவர் வீடு மாறிட்டாராம்" என்கிற மாதிரி. மிஞ்சியதில் கெட்டது, நல்லதைவிட அதிகம். ஏமாற்றுகிற ஒருவரைப் பற்றிப் புதிதாக வந்தவரை எச்சரிப்பதும் புறம் பேசுவதுதான்; அதைத் தடுத்தால் ஏமாற்றுகிறவருக்குத்தான் லாபம். நான் எதிர்ப்பது பேச்சை அல்ல. கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றை, கேட்காமலேயே பேசுவதை.

கேட்டவர் ஒருவர் இருந்தார். எங்கள் குழுவில் வயதில் சின்னவள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கட்டுமா? அவங்க ரெண்டு பேர மாத்தினதுக்கு நீங்கதான் காரணம்னு சொல்றாங்க. நிஜமாக்கா?"

எத்தனையோ இரவு இதற்கான பதிலை ஒத்திகை பார்த்திருந்தேன். நீளமான பதில்கள், ஆதாரங்கள், கடைசியில் ஒரு சூடான வாக்கியம். வாயில் வந்தது இதுதான்: "இல்லம்மா. அன்னைக்கு என் உடம்பு விஷயமா லீவு கேக்கத்தான் போனேன். அதைப் பத்தி இதுக்கு மேல பேச எனக்கு இஷ்டமில்ல. அவங்க ரெண்டு பேர் பேச்சே அங்க வரல."

அவள் முகம் மாறியது. "உடம்புக்கு இப்போ பரவாயில்லையாக்கா?" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் அந்தப் பதில் ஏன் நின்றது என்று புரிந்தது. அந்தரங்கத்தைக் காப்பதா, பேரைக் காப்பதா என்று நான் இரண்டு மாதம் திண்டாடிக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்தே காக்கலாம். எந்த இடத்தில் கோடு போடுகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொன்னால் போதும். 'உடம்பு விஷயம்' என்று மட்டும் சொன்னேன், என்ன நோய் என்று சொல்லவில்லை. இதற்கு மேல் கேட்காதே என்றும் சொன்னேன். மனுஷர்கள் பொதுவாக அந்தக் கோட்டை மதிக்கிறார்கள். கோடே இல்லாமல் வெறும் மௌனமாக இருந்தால் அதில்தான் அவரவர் இஷ்டத்துக்கு எழுதிவிடுகிறார்கள்.

அந்தத் துணிச்சலில், மாற்றப்பட்ட இருவரில் ஒருவரைப் போனில் கூப்பிட்டேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நீங்க சொன்னா நம்பறேன். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? முதல்ல அவங்க சொன்னப்போ நான் நம்பல. சண்டைகூடப் போட்டேன். நாங்க கிளம்பின அன்னைக்கு நீங்க வரல பாருங்க, அப்போதான் நம்பினேன். அதுக்கப்புறம் ஒரு போன்கூட நீங்க பண்ணல."

எனக்குப் பேச்சு வரவில்லை. என்னைப் பற்றிய வதந்திக்கு ஆதாரம் நானே கொடுத்திருக்கிறேன். பயத்தால் கழிவறையில் நின்ற ஒருத்தி, வெளியிலிருந்து பார்த்தால் குற்ற உணர்ச்சியால் ஒளிந்துகொண்டவளைப் போலத்தான் இருந்திருப்பாள்.

இன்னொருவரும் இருந்தாரே, அவர் இன்றுவரை நம்பவில்லை. அவரிடமும் பேசினேன். "சரி சரி, விடுங்க" என்றார். அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மாணவர்களை ஒரு விளையாட்டு ஆடவைத்து நடத்தி, 2007இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. எதிராளி இதுவரை எப்படி நடந்துகொண்டார் என்ற முழுக் கணக்கும் கண்முன்னே இருந்தது. அப்படியும் அவரைப் பற்றிக் காதில் விழுந்த பேச்சு ஆடுபவர்களின் முடிவை அசைத்தது. எனவே உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் துடைத்ததுபோல் ஆகிவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஒருவர் நம்பினார், ஒருவர் நம்பவில்லை. நம்பிய அந்த ஒருவரை வைத்துக்கொண்டு என்னால் நிமிர்ந்து நடக்க முடிந்தது.

பேச்சைக் கொண்டுவந்து கொடுப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், உங்களைப் பத்தி என்னென்னவோ பேசறாங்க" என்று வருவார்கள். சிலர் உண்மையாகவே அக்கறையுள்ளவர்கள். அவர்களையும் மற்றவர்களையும் பிரித்தறிய எனக்கு ஒரு கேள்வி கைகொடுக்கிறது: "அப்போ நீங்க என்ன சொன்னீங்க?" அக்கறையுள்ளவர் தான் சொன்ன பதிலைச் சொல்வார், அல்லது சொல்லாமல் விட்டதற்கு வருத்தப்படுவார். மற்றவருக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. அடுத்த முறை வர மாட்டார். 1998இல் ஸ்கௌரோன்ஸ்கி என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் காட்டிய ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. ஒருவர் இன்னொருவரை 'இரக்கமில்லாதவர்' என்று வர்ணித்தால், கேட்பவர் மனதில் அந்த இரக்கமின்மை வர்ணித்தவர்மீதே கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறதாம். என்னைப் போட்டுக்கொடுப்பவள் என்று ஊரெல்லாம் சொன்னவரிடம் பிறகு யாரும் ரகசியம் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டேன். அதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவருக்கும் பயம்தான் இருந்திருக்கும்.

எல்லாப் பேச்சும் பேசித் தீரும் வகையல்ல என்பதையும் சொல்லாமல் விட முடியாது. வாராவாரம், மாதக்கணக்கில், ஒருவரையே குறிவைத்து நடந்தால் அதற்குப் பெயர் வம்பு அல்ல, துன்புறுத்தல். ஸ்வீடனில் ஹெயின்ஸ் லேமன் 1980களிலிருந்து இதை ஆராய்ந்தவர். வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதமாவது தொடர்வதை அவர் அளவுகோலாக வைத்தார். பணியிடத் துன்புறுத்தலை அளக்க இன்று உலகெங்கும் பயன்படுத்தும் 22 கேள்விகள் கொண்ட படிவத்தில், உங்களைப் பற்றி வம்பும் வதந்தியும் பரப்புகிறார்களா என்பதும் ஒரு கேள்வி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2019இல் ஏற்கப்பட்டு 2021 ஜூன் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. மனரீதியான தீங்கு விளைவிக்கும் நடத்தையையும் அது பணியிட வன்முறை, துன்புறுத்தல் என்பதற்குள் சேர்க்கிறது. ஒரே ஒருமுறை நடந்தாலும் சரி, திரும்பத் திரும்ப நடந்தாலும் சரி. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர் தனியாக யாரிடமும் போய்ச் சமாதானம் பேச வேண்டியதில்லை. தேதி, இடம், யார் இருந்தார்கள், சொன்ன சொல் அப்படியே, அதனால் வேலையில் என்ன நடந்தது என்று அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். 'எல்லாரும் என்னை மோசமா பேசறாங்க' என்று எச்ஆரிடம் போனால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, அல்லது செய்ய மாட்டார்கள். "இன்ன தேதி மீட்டிங்கில் இன்னார் இப்படிச் சொன்னார், அடுத்த வாரம் இந்த வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்" என்று போனால் தட்டிக்கழிப்பது கடினம். உறக்கம் கெட்டு, வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு அடைக்கிறது என்றால் மருத்துவரிடமும் போக வேண்டும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதையெல்லாம் எழுதும்போது பழைய ஒரு மதியம் உறுத்துகிறது. என் கதைக்கு இரண்டு வருடம் முந்தியது. ஒரு சக ஊழியருக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. நாலு பேர் கூடியிருந்தோம். "எப்படிக் கிடைச்சுதுன்னு நமக்குத் தெரியாதா" என்றார் ஒருவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் அவருடன் அதிகம் வேலை பார்த்தவள் நான்தான். ராத்திரி பகலாக அவர் உழைத்ததைக் கண்ணால் பார்த்தவள். நான் லேசாகச் சிரித்தேன். சிரிப்புக்கு அர்த்தம் எதுவும் இல்லை என்று அப்போது நினைத்தேன். டோனா ஈடர், ஜேனட் எங்கி என்ற இரு சமூகவியலாளர்கள் வளரிளம் பிள்ளைகளின் பேச்சுகளைப் பதிவுசெய்து 1991இல் எழுதிய ஒன்றைப் படித்தபோதுதான் அந்தச் சிரிப்பின் எடை தெரிந்தது. முதலில் ஒருவர் சொல்லும் குறை அந்தப் பேச்சின் திசையைத் தீர்மானிப்பதில்லை. அதற்கு அடுத்து வரும் பதில்தான் தீர்மானிக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அந்தப் பதிலிலேயே யாராவது மறுத்துவிட்டால் பேச்சு திரும்பிவிடும். ஆமோதித்துவிட்டால், பிறகு மாற்றுக் கருத்து உள்ளவரும் வாய் திறப்பதில்லை. அந்த மதியம் இரண்டாவதாக வந்தது என் சிரிப்பு. அவர் இப்போது எங்கள் அலுவலகத்தில் இல்லை; மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை.

போன மாதம் எங்கள் குழுவுக்கு ஒருவர் புதிதாக வந்தார். நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவார். அன்று அவர் பையை எடுத்துக்கொண்டு போய்க் கதவு சாத்திக்கொண்டதும், பக்கத்து இருக்கைக்காரர், அதே போனை நீட்டியவர், நாற்காலியைத் திருப்பினார். "மேல யாரையோ தெரியும்போல. நாமதான் ஆறு மணி வரைக்கும் உக்காந்திருக்கோம்" என்றார்.

சின்னவள் என்னைப் பார்த்தாள்.

"அவங்க காலைல ஏழு மணிக்கே வந்துடறாங்க. நான் தினமும் பாக்கறேன், நான் வரும்போது விளக்கு எரிஞ்சிட்டிருக்கும்" என்றேன்.

"அப்படியா? ஏழு மணிக்கா?" என்றார். "எனக்குத் தெரியாதே."

நாற்காலி திரும்பிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, நாளைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில் இன்னும் எத்தனை பக்கம் பாக்கி என்று கேட்டார்.